42 வயதில் ஓய்வு: பெஞ்சமின் பிராங்க்ளின் போட்ட கணக்கு

பணி ஓய்வுக்கான வயது வரும்வரை காத்திராமல், உடலில் வலுவிருக்கும்போதே வேலையிலிருந்து விலகிவிட வேண்டும் என்ற விருப்பம் இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் வெளிப்படையாகப் பேசப்படுகிறது. நாற்பதைத் தொட்டவர்கள் கையிருப்பையும் மாதச் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்க்கிறார்கள். எவ்வளவு பணம் சேர்ந்தால் போதும் என்பதே அவர்களின் முதல் கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவாகவே இருக்கிறது. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய அச்சகக்காரரின் நினைவு வருகிறது.

அவர் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலும் மின்சாரமும் ஒன்றே எனக் காட்டிய ஆய்வாளர், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், நூறு டாலர் நோட்டில் முகம் பதிக்கப்பட்டவர் என்று உலகம் அவரை அறியும். இந்தப் பெருமைகளுக்கெல்லாம் முன்பே அவர் செய்து முடித்த ஒரு காரியம் குறைவாகவே பேசப்படுகிறது. நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை, அதன் உச்சத்தில், திட்டமிட்டுப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு அவர் விலகினார்.

1706 ஜனவரியில் பிறந்த பிராங்க்ளின், 1790 ஏப்ரலில் தம் 84-ஆம் வயதில் மறைந்தார். அச்சகத்திலிருந்து அவர் விலகியது 1748 ஜனவரியில். அப்போது அவருக்கு வயது 42. ஆயுளைச் சரிபாதியாக மடித்ததுபோல, பிழைப்புக்கு ஒரு பாதி, விருப்பத்துக்கு ஒரு பாதி என அவர் வாழ்வு பிரிந்தது. தமக்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்பது அன்று அவருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாதுதான். ஆகவே அவர் எப்படிக் கணக்கிட்டார், அந்தக் கணக்கு எங்கே பொருந்தியது, எங்கே பிசகியது என்று பார்ப்பது பயனுள்ளது எனக் கருதுகிறேன்.

முதல் சேமிப்பு

பாஸ்டன் நகரில் மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவரின் மகன் அவர். குடும்பத்தில் பிள்ளைகள் ஏராளம். பள்ளிப் படிப்பு இரண்டு ஆண்டுகளோடு முடிந்தது. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். அண்ணனுக்கு அப்போது சொந்தக் குடித்தனம் இல்லை. தாமும் தொழில் பழகுவோரும் உண்ண வேறொரு வீட்டில் பணம் கட்டி ஏற்பாடு செய்திருந்தார்.

16 வயதளவில் பிராங்க்ளின் புலால் உண்பதை விட்டார். தம் சாப்பாட்டுக்காக அண்ணன் கட்டும் தொகையில் பாதியைத் தம்மிடமே தந்துவிட்டால் தாமே சமைத்துக்கொள்வதாகச் சொன்னார். அண்ணனுக்கு அது லாபம், உடனே இசைந்தார். அந்தப் பாதியிலும் பாதி தமக்கு மிஞ்சுவதைப் பிராங்க்ளின் கண்டார். மிஞ்சியது புத்தகங்களாக மாறியது. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவர் ரொட்டித் துண்டும் உலர்ந்த திராட்சையும் தண்ணீருமாக உணவை முடித்துக்கொண்டு, காலியான அச்சகத்தில் உட்கார்ந்து படித்தார்.

அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் வித்து இந்தச் சிறு ஏற்பாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் காசை மட்டும் மிச்சப்படுத்தவில்லை; அதோடு ஒரு மணி நேரத்தையும் மிச்சப்படுத்தினார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதும் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. செலவைக் குறைத்தல், நேரத்தை மீட்டல், மீட்ட நேரத்துக்கு ஒரு பயனை வைத்திருத்தல் ஆகிய மூன்றும் அன்றே ஒன்றாக இருந்தன. பின்னாளில் அவர் எடுத்த பெரிய முடிவு இதன் விரிவு மட்டுமே.

அண்ணனோடு பிணங்கி, 17 வயதில் பாஸ்டனைவிட்டு ஓடி, ஏறக்குறைய வெறுங்கையுடன் பிலடெல்பியா வந்து சேர்ந்தார். பென்சில்வேனியாவின் ஆளுநர் வில்லியம் கீத், இவர் தனியாக அச்சகம் தொடங்கத் துணைசெய்வதாக வாக்களித்தார். அச்சு இயந்திரமும் எழுத்துகளும் வாங்கக் கடன் கடிதங்கள் தருவதாகச் சொல்லி லண்டனுக்கு அனுப்பினார். கப்பலில் போய் இறங்கிய பிறகுதான் அப்படி ஒரு கடிதமும் இல்லை என்பது தெரிந்தது. 18 வயது இளைஞர், யாரும் அறியாத பெருநகரில், அச்சகக் கூலியாக வேலை செய்து பிழைத்தார். பிறர் வாய்ச்சொல்லை நம்பித் தம் எதிர்காலத்தை எழுதிவைக்கக் கூடாது என்ற பாடம் அவருக்கு அங்கே கிடைத்தது. பின்னாளில் அவர் செய்த ஒவ்வொரு கூட்டுத் தொழிலிலும் யார் என்ன தர வேண்டும், யாருக்கு என்ன சேரும் என்பவை எழுத்தில் பதிவாகியிருந்தன.

வருமானத்தின் கால்கள்

1728-இல் ஹியூ மெரிடித் என்பவருடன் சேர்ந்து பிலடெல்பியாவில் அச்சகம் தொடங்கினார். முதல் போடுவதாகச் சொன்ன மெரிடித்தின் தந்தையால் பாதித் தொகைக்கு மேல் தர முடியவில்லை. கடன்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். அந்த நெருக்கடியில் வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்ற இரு நண்பர்கள் தனித்தனியே வந்து கடன் தர முன்வந்தனர். 1730-இல் மெரிடித் விலகிக்கொள்ள, தந்தை போட்ட நூறு பவுண்டைத் திருப்பித் தருவது, மெரிடித்துக்கு முப்பது பவுண்டும் ஒரு புதுச் சேணமும் தருவது என்ற உடன்பாட்டில் அச்சகம் முழுமையாகப் பிராங்க்ளினுடையதாயிற்று. இரு நண்பர்களின் அந்த உதவியை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அது பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அதன் பின்னர் அவருடைய வருமானம் பல கால்களில் நிற்கத் தொடங்கியது. 1729-இல் வாங்கிய பென்சில்வேனியா கெஜட் செய்தித்தாள் ஒரு கால். சட்டமன்றத்துக்கான அச்சு வேலையும், காகிதப் பணம் அச்சிடும் ஒப்பந்தமும் மற்றொன்று. 1732 இறுதியில் தொடங்கிய ஏழை ரிச்சர்டின் பஞ்சாங்கம், ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 படிகள் விற்றது. 1736-இல் சட்டமன்ற எழுத்தர் பதவியும் 1737-இல் பிலடெல்பியா அஞ்சலகத் தலைவர் பதவியும் வந்தன. அஞ்சலகப் பதவியின் ஊதியம் சிறிது. ஆனால் செய்திகள் முதலில் தம் கைக்கு வரவும் செய்தித்தாள் நெடுந்தொலைவு செல்லவும் அது வழி திறந்தது. காகித மொத்த வணிகமும் வீட்டு மனைகளின் வாடகையும் இவற்றோடு சேர்ந்தன.

இவற்றுள் பெரும்பாலானவை அவரே உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலைகள். அவர் உட்காராவிட்டால் வருமானம் நின்றுவிடும். இதை அவர் மிக இளமையிலேயே உணர்ந்திருக்க வேண்டும். ஏனெனில் 25 வயதிலேயே வேறொரு வகை வருமானத்துக்கு அடித்தளமிட்டார். 1731-இல் தம்மிடம் வேலை செய்த தாமஸ் விட்மார்ஷ் என்பவரைத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு அனுப்பினார். அச்சு இயந்திரமும் எழுத்துகளும் பிராங்க்ளினுடையவை. செலவில் மூன்றில் ஒரு பங்கும் அவருடையது. உழைப்பு விட்மார்ஷினுடையது. லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு பிராங்க்ளினுக்கு வரும். ஒப்பந்தக் காலம் ஆறு ஆண்டுகள். அதன் பிறகு விரும்பினால் கருவிகளை விலைக்கு வாங்கிக்கொண்டு தனியே தொழில் நடத்தலாம். பின்னாளில் நியூயார்க், மேற்கிந்தியத் தீவான ஆன்டிகுவா முதலிய இடங்களிலும் இத்தகைய கூட்டு அச்சகங்கள் அமைந்தன.

விட்மார்ஷ் சில ஆண்டுகளில் இறந்துபோக, லூயிஸ் திமோதி அந்த இடத்துக்குச் சென்றார். படித்தவர், நேர்மையானவர். ஆனால் கணக்கு எழுதத் தெரியாது. பணம் அவ்வப்போது வரும், கணக்கு வராது. அவர் 1738-இல் இறந்த பின், மனைவி எலிசபெத் திமோதி தொழிலை ஏற்றார். குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை துல்லியமான கணக்கை அனுப்பினார். முடிவில் அச்சகத்தையே விலைக்கு வாங்கி மகனுக்குத் தந்தார். பெண் பிள்ளைகளுக்கு இசையையும் நடனத்தையும்விடக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது பயன் தரும் என்ற கருத்தைப் பிராங்க்ளின் இந்த நிகழ்வை ஒட்டியே தம் தன்வரலாற்றில் எழுதினார்.

ஒரு கிண்ணத்தின் விலை

வரவு பெருகும்போது செலவும் சத்தமில்லாமல் பெருகும். இதையும் அவர் தம் வீட்டிலேயே கண்டார். பல ஆண்டுகள் அவருடைய காலை உணவு ரொட்டியும் பாலும்தான். இரண்டு பென்னி விலையுள்ள மண்கிண்ணம், மலிவான உலோகக் கரண்டி. ஒருநாள் காலையில் சீனக் களிமண் கிண்ணத்தில் வெள்ளிக் கரண்டியுடன் உணவு வந்தது. மனைவி டெபோரா அவரைக் கேட்காமல் 23 ஷில்லிங் கொடுத்து வாங்கியிருந்தார். அண்டை வீட்டாருக்கு இருப்பதுபோலத் தம் கணவருக்கும் வெள்ளிக் கரண்டி இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறு காரணம் சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்த முதல் வெள்ளிப் பொருள் அது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வகைப் பொருள்கள் சில நூறு பவுண்டு மதிப்புக்குப் பெருகின.

பிராங்க்ளின் இந்த நிகழ்வைக் கோபமின்றிச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். சிரிப்பதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. கிண்ணம் மாறியபோதும் சேமிப்பு நிற்கவில்லை. அந்தச் சேமிப்பில் டெபோராவின் பங்கு மிகப் பெரிது. கடையைக் கவனித்தவர், துண்டு வெளியீடுகளை மடித்துத் தைத்தவர், காகித ஆலைகளுக்காகப் பழந்துணி வாங்கிச் சேர்த்தவர் அவரே. வீட்டில் வேலையற்ற பணியாளர்களை வைத்துக்கொள்ளவில்லை. பிராங்க்ளினின் சிக்கனம் என்று உலகம் புகழ்வதில் பாதி டெபோராவின் உழைப்பு என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். தம்பதியரில் ஒருவர் மட்டும் போடும் ஓய்வுக் கணக்கு எங்கும் நிலைப்பதில்லை.

பொறுப்பை ஒப்படைத்த விதம்

1744-இல் லண்டன் அச்சகக்காரரான வில்லியம் ஸ்ட்ராஹனின் பரிந்துரையுடன் டேவிட் ஹால் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிலடெல்பியா வந்தார். பிராங்க்ளின் அவரைத் தம் அச்சகத்திலேயே வைத்துக்கொண்டார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஹாலின் திறமை, நாணயம், பொறுமை ஆகிய அனைத்தையும் அருகிலிருந்து பார்த்தார். அதன் பிறகே 1748-இன் தொடக்கத்தில் இருவரும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டனர். நம்பத்தக்க ஒருவரைக் கண்டு தேர்ந்து தெளிவதற்கு நான்கு ஆண்டுகள். இந்தக் காத்திருப்பு அவருடைய திட்டத்தின் மிக முக்கியமான பகுதி என்று நான் நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தின்படி அச்சகத்தை நடத்தும் முழுப் பொறுப்பும் ஹாலுடையது. லாபம் இருவருக்கும் பாதிப் பாதி. பிராங்க்ளின் அன்றாட வேலைக்கு வர வேண்டியதில்லை. ஒப்பந்தக் காலம் 18 ஆண்டுகள். அதாவது பிராங்க்ளினின் 60-ஆம் வயது வரை. அதன் பிறகு தொழில் ஹாலுக்குச் சேரும். ஒரே தொகைக்கு விற்றுவிட்டுப் போவதைவிட, நாள்பட வரும் வருவாயை அவர் தேர்ந்துகொண்டார். ஹாலுக்கோ கையில் முதலில்லாமலே ஒரு பெரிய தொழிலின் பங்குதாரராகும் வாய்ப்பு. இருவருடைய நலனும் ஒரே திசையில் இருக்கும்படி எழுதப்பட்டதால்தான் அந்த ஒப்பந்தம் 18 ஆண்டுகளும் முறியாமல் நின்றது.

அடுத்து அவர் செய்தது வீடு மாறியது. சந்தைத் தெருவில் கடையும் அச்சகமும் இருந்த இடத்தைவிட்டு, ஊரின் அமைதியான பகுதிக்குக் குடியேறினார். இதைச் சிறிய செய்தியாக நாம் எண்ணக் கூடாது. கடைக்கு மேலேயே குடியிருந்தால் வாடிக்கையாளர் அவரையே அழைப்பார். ஹாலின் முடிவுகளில் அவர் தலையிடுவார். விலகல் பெயரளவிலேயே நிற்கும். பொறுப்பைக் கைமாற்றியவர், அந்த இடத்தின் ஓசையிலிருந்தும் தம்மை விலக்கிக்கொண்டார். அவ்வாண்டில் நியூயார்க்கிலிருந்த அறிஞர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பழைய கணக்குகளைத் தீர்த்துவருவதாகவும், தம் நேரத்துக்கு விரைவில் தாமே எசமானராகப் போவதாகவும், படிப்பதும் ஆய்வு செய்வதும் நல்லோருடன் உரையாடுவதுமே இனித் தம் வேலை என்றும் பொருள்படக் குறிப்பிட்டார்.

ஓய்வின் பயன்

ஓய்ந்தவுடன் என்ன செய்வது என்று அவர் திகைக்கவில்லை. மின்சாரத்தின் மீதான ஈடுபாடு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. லண்டன் வணிகரான பீட்டர் காலின்சன் அனுப்பிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு 1740-களின் நடுவிலேயே சோதனைகள் செய்துவந்தார். கடை நேரத்துக்கு நடுவே திருடிய பொழுதுகளில் நடந்த அந்த வேலைக்கு இப்போது முழு நாளும் கிடைத்தது. மின்னேற்றத்தை நேர், எதிர் என வகுத்தார். அவர் கடிதங்கள் 1751-இல் லண்டனில் நூலாயின. 1752 மே மாதத்தில் பிரான்சில், அவர் எழுதிய முறைப்படி, இடிமேகத்திலிருந்து மின்பொறி எடுத்துக் காட்டப்பட்டது. அதே ஆண்டில் அவருடைய புகழ்பெற்ற பட்டச் சோதனையும் நடந்தது. 1753-இல் லண்டன் ராயல் கழகம் காப்லி பதக்கம் அளித்தது. தொழிலைவிட்டு ஐந்தே ஆண்டுகள்.

இடிதாங்கிக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதற்கு முன்பே, தாம் வடிவமைத்த கணப்பு அடுப்புக்கு ஆளுநர் தர முன்வந்த காப்புரிமையையும் மறுத்திருந்தார். போதும் என்ற எல்லையை வகுத்துக்கொண்டவரால்தான் இப்படி மறுக்க முடியும். 1750-இல் தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்றில் அவர் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். தந்தையின் சொத்து தமக்கு வரும் என்று மகன் வில்லியம் எண்ணியிருப்பதாகவும், உள்ளதைத் தாமே செலவழித்துவிடும் நோக்கம் உண்டென்று அவனுக்கு உணர்த்தியிருப்பதாகவும் எழுதுகிறார். செல்வராய் இறந்தார் என்பதைவிடப் பயன்பட வாழ்ந்தார் என்று பெயர் வாங்குவதே தமக்கு விருப்பம் என்பது மற்றொன்று.

ஆனால் திட்டத்தில் இல்லாத ஒன்றும் நடந்தது. கையில் நேரமுள்ள மனிதர் என்று தெரிந்ததும் ஊர் அவரைப் பிடித்துக்கொண்டது. 1748-இல் நகர மன்ற உறுப்பினர். 1751-இல் சட்டமன்ற உறுப்பினர். 1749-இல் அவர் முன்மொழிந்த கல்விச்சாலை பின்னாளில் பென்சில்வேனியா பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1751-இல் மருத்துவர் தாமஸ் பாண்டுடன் சேர்ந்து மருத்துவமனைக்கு நிதி திரட்டினார். மக்கள் 2,000 பவுண்டு தந்தால் சட்டமன்றமும் 2,000 பவுண்டு தர வேண்டும் என்ற ஏற்பாட்டை வகுத்தார். 1753-இல் குடியேற்றங்கள் அனைத்துக்குமான அஞ்சல் துறையின் இணைத் துணைத் தலைவரானார். முதல் நான்கு ஆண்டுகளில் அந்தத் துறை இவர்களுக்கே 900 பவுண்டுக்கு மேல் கடன்பட்டது. அதன் பிறகே அது லாபம் ஈட்டத் தொடங்கியது.

அமைதியான ஆய்வு வாழ்க்கை சில ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. 1757-இல் பென்சில்வேனியாவின் பேராளராக லண்டன் சென்றார். அதன் பிறகு வாழ்வின் பெரும்பகுதி கடல்களுக்கு அப்பால் கழிந்தது. எழுபது வயதில் பிரான்சுக்குத் தூதராகச் சென்றார். 81 வயதில் அரசமைப்பு மாநாட்டில் அமர்ந்தார். முன்கூட்டிய ஓய்வு என்பது அவருக்கு வேலை செய்யாமலிருக்கும் உரிமையாக அமையவில்லை. எந்த வேலையைச் செய்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையாக அமைந்தது. தம் 42 வயதோடு அவர் மறைந்திருந்தால், ஒரு நகரத்தின் நல்ல அச்சகக்காரர் என்ற அளவில் உள்ளூர் வரலாற்றில் மட்டுமே இடம்பெற்றிருப்பார்.

கணக்கில் விடுபட்டவை

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் அவர் வாழ்வை முழுமையாகப் படிக்கும்போது, ஏட்டில் பற்றுப் பக்கத்தில் எழுதப்பட வேண்டிய சில பெயர்களும் கண்ணில் படுகின்றன.

முதலாவது, காலம். ஹாலுடனான ஒப்பந்தம் 18 ஆண்டுகள்; பிராங்க்ளினுக்கு எஞ்சியிருந்ததோ 42 ஆண்டுகள். 1766-இல் கூட்டு முடிவுக்கு வந்தபோது அவர் லண்டனில் இருந்தார். மறு ஆண்டு டெபோராவுக்கு எழுதிய கடிதத்தில், வருமானத்தின் பெரிய ஊற்று ஒன்று அடைபட்டதையும், அஞ்சல் பதவியும் போய்விட்டால் வாடகையும் வட்டியும் மட்டுமே மிஞ்சும் என்பதையும் நினைவூட்டிச் சிக்கனத்தை வலியுறுத்தினார். மகள் சாராவின் திருமணத்தின்போது ஆடைக்கும் வீட்டுப் பொருள்களுக்கும் 500 பவுண்டுக்கு மேல் செலவிட வேண்டாம் என்றும் எழுதினார். 1774-இல் அரசியல் மோதலின் விளைவாக அந்த அஞ்சல் பதவியும் பறிபோயிற்று. ஆயினும் அவர் வறுமைக்கு ஆளாகவில்லை. வருமானம் ஒற்றைக் காலில் நிற்காததே அதற்குக் காரணம். 60 வயதோடு முடியும் திட்டம் 84 வயது வாழ்வுக்குப் போதாது என்ற எச்சரிக்கையை இங்கு நாம் படிக்கலாம். அவரை விட நமக்கு அது கூடுதலாகப் பொருந்தும். மருத்துவம் நம் ஆயுளை நீட்டியிருக்கிறது. மருத்துவச் செலவையும் நீட்டியிருக்கிறது.

இரண்டாவது, டேவிட் ஹால். பிராங்க்ளினின் ஒவ்வொரு ஓய்வு மணிக்கும் பின்னால் ஹாலின் ஒரு பணி மணி இருந்தது. அவர் அச்சகத்தை வாங்கித் தொடர்ந்து நடத்தி, 1772-இல் இறந்தார். கூட்டு முடிந்து ஆறே ஆண்டுகள். அவருக்கென்று ஓர் ஓய்வுக்காலம் வாய்க்கவேயில்லை. அவர் ஏமாற்றப்படவில்லை; ஒப்பந்தம் நியாயமானது. இருப்பினும் உழைக்காமல் வரும் வருமானம் என்று நாம் சொல்வதெல்லாம் வேறெங்கோ ஒருவர் உழைத்து வருவதுதான் என்பதை ஹாலின் வாழ்க்கை உணர்த்துகிறது.

மூன்றாவது, டெபோரா. கடல் பயணத்துக்கு அஞ்சிய அவர் லண்டன் செல்லவில்லை. கணவரில்லாத ஆண்டுகளில் வீட்டையும் சொத்துகளையும் அவரே நிர்வகித்தார். 1765-இல் முத்திரை வரிக் கலவரத்தின்போது கும்பல் வீட்டைத் தாக்கும் என்ற நிலை வந்தபோதும், ஓடிப்போகாமல் வீட்டைக் காத்து நின்றார். 1764-இல் மீண்டும் லண்டன் சென்ற கணவரை அவர் அதன் பிறகு பார்க்கவே இல்லை. பக்கவாதத்தால் நலிந்து 1774 டிசம்பரில் இறந்தார். இளமையில் சேர்ந்து உழைத்துச் சம்பாதித்த ஓய்வை ஒருவர் மட்டுமே அனுபவித்தார். பிராங்க்ளினின் கணக்கில் எனக்கு மிகவும் நெருடலாகத் தோன்றும் வரி இதுவே.

நான்காவது, பெயர் எழுதப்படாதவர்கள். பிராங்க்ளினின் வீட்டில் அடிமைகள் இருந்தனர். அடிமைகளை விற்கும் விளம்பரங்களை அவருடைய செய்தித்தாள் வெளியிட்டது. அந்த வருமானமும் அவருடைய சேமிப்பில் கலந்திருந்தது. முதுமையில் அவர் மாறினார். 1787-இல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில், இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், அடிமை முறையை ஒழிக்க வேண்டி அமெரிக்கக் காங்கிரசுக்கு அளிக்கப்பட்ட மனுவில் கையெழுத்திட்டார். சிந்திப்பதற்கு அவருக்குக் கிடைத்த நீண்ட அவகாசமும் அந்த மாற்றத்துக்குத் துணைநின்றிருக்கும் என்று நம்ப விரும்புகிறேன். ஆனால் அந்த அவகாசத்துக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதை அந்த மனு அழித்துவிடாது.

கடைசிக் கடன்

இரு நண்பர்களின் உதவியைப் பற்றி முன்பு குறிப்பிட்டேன். 1789-இல் உயிலுடன் சேர்த்த பிற்சேர்க்கையில் பிராங்க்ளின் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தினார். பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுண்டு எழுதிவைத்தார். பென்சில்வேனியாவின் தலைவராக இருந்தபோது கிடைத்த ஊதியத்திலிருந்து அந்தத் தொகை வந்தது. பொதுப்பணிக்கு ஊதியம் பெறக் கூடாது என்பது அவர் கொள்கை. தொழில் பழகி முடித்த, மணமான, 25 வயதுக்கு உட்பட்ட இளம் கைவினைஞர்களுக்கு ஐந்து விழுக்காடு வட்டியில் அதிலிருந்து கடன் தர வேண்டும். அவர்கள் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகத் திருப்பிச் செலுத்த வேண்டும். நூறு ஆண்டுகளில் ஒரு பகுதியையும் இருநூறு ஆண்டுகளில் எஞ்சியதையும் பொதுநலனுக்குச் செலவிட வேண்டும் என்று வகுத்தார். இளமையில் தமக்குக் கிடைத்த கடனே தம் வாழ்வின் அடித்தளம் என்பதை அங்கே அவர் வெளிப்படையாகவே பதிவுசெய்தார்.

அவர் எதிர்பார்த்த அளவுக்கு நிதி வளரவில்லை. கைவினைஞர்கள் குறைந்தனர், திருப்பிச் செலுத்தாதோரும் உண்டு. எனினும் 1990-இல் இருநூறு ஆண்டுகள் நிறைந்தபோது பாஸ்டனில் 40 லட்சம் டாலருக்கு மேலும், பிலடெல்பியாவில் ஏறத்தாழ 20 லட்சம் டாலரும் இருந்தன. இரண்டு நகரங்களுக்கு இடையிலான அந்த வேறுபாடு, முதலைவிட அதைப் பராமரிக்கும் கையே முக்கியம் என்பதற்குச் சான்று. டேவிட் ஹாலுக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தவருக்கு இது புதிய செய்தியாக இருந்திராது.

முன்கூட்டியே ஓய்வு பெற விரும்புவோரிடம் எவ்வளவு பணம் என்ற கேள்வியைக் கைவிடுமாறு நான் சொல்லமாட்டேன். பிராங்க்ளினும் அதைக் கேட்டார். பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் அதனுடன் வேறு சில கேள்விகளுக்கும் அவரிடம் விடை இருந்தது. நான் இல்லாத இடத்தில் யார் உட்காருவார்? விலகிய மறுநாள் காலையில் என் மேசையில் என்ன இருக்கும்? எந்த இடத்தில் போதும் என்பேன்? எத்தனை ஆண்டுகளுக்கு இந்த ஏற்பாடு தாங்கும் என்ற கேள்விக்கு அவர் பாதி விடையே வைத்திருந்தார். இந்த ஓய்வில் என்னுடன் உழைத்தவருக்குப் பங்கு என்ன என்ற கேள்விக்கு அவரிடம் நல்ல விடை இல்லை. அந்த இரண்டையும் நாம் அவரைவிட நன்றாகக் கேட்டுக்கொள்ள முடியும். வேலையை விடும் தேதியைக் குறிப்பதற்கு முன், வீட்டிலுள்ளவரை எதிரே அமர்த்தி இந்தக் கணக்கை இருவருமாகப் போட வேண்டும்.